மடிக்கணினி திறக்கவில்லை, ஆய்வேட்டுக் கோப்புகளை மீட்க உதவுங்கள் (அவசரம்)

நெய்தல்நிலம்:
வணக்கம். நேற்று இரவிலிருந்து மடிக்கணினி திறக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நிற்கிறது. என் ஆய்வேட்டின் நான்கு இயல்களும் கள ஆய்வில் எடுத்த ஒலிப்பதிவுகளும் அதில்தான் உள்ளன. வேறெங்கும் நகல் இல்லை. என்ன செய்வது என்று உடனே சொல்லுங்கள்.

கரிசல்:
அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது? உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டியா? டிக் டிக் என்று சத்தம் வருகிறதா?

தாமரைக்குளம்:
பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, செக்டிஸ்க் (வட்டின் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கருவி) ஓட்டுங்கள். எனக்கு இருமுறை அதுவே கைகொடுத்தது. அதுவும் பலிக்காவிட்டால், ஹார்ட் டிஸ்க்கைக் காற்றுப்புகாத உறையிலிட்டு ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள்.

பழைய கணிப்பொறியாளர்:
இருபது ஆண்டுகளாக இத்துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அடிப்படை தெரியாதவர்கள் யோசனை சொல்வதால்தான் பிழைத்திருக்கும் தரவும் அழிகிறது. செக்டிஸ்க் கோப்பு முறைமையை ஒழுங்குபடுத்துவதற்காக வட்டிலேயே எழுதும். பழுதாகிக்கொண்டிருக்கும் வட்டில் ஓட்டினால் கோப்புகள் துண்டு துண்டாகிவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த வட்டின் தட்டுகளில் ஈரம் படியும். படிக்கும் தலைக்கும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்களே என்பதை எண்ணிப் பாருங்கள்.

நெய்தல்நிலம்:
ஹார்ட் டிஸ்க்தான், 1 டிபி. விண்டோஸ் 10. துவக்கக்கூடிய சாதனம் இல்லை என்று வருகிறது. டிக் சத்தம் இல்லை. ஆனால் ஒரு மாதமாகக் கோப்பு திறக்கும்போதெல்லாம் திணறியது.

கரிசல்:
டிக் சத்தம் கேட்டிருந்தால், மின்சாரத்தைத் துண்டித்து, தூசியற்ற தூய அறை வசதியுள்ள மீட்பு நிலையத்துக்குத்தான் கொண்டு போகச் சொல்லியிருப்பேன். இல்லை என்பதால் ஒரு வழி இருக்கிறது. வட்டைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் இணைத்து, அதைவிடப் பெரிய புதிய வட்டுக்கு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் மூலம் முழுப் படிமம் (வட்டு முழுவதன் அச்சு நகல்) எடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் படித்துவிட்டு, பழுதான செக்டார்களுக்கு (வட்டின் சிறு பகுதிகளுக்கு) பிறகு திரும்பி வரும். எதுவரை படித்தது என்பது மேப் கோப்பில் பதிவாவதால், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மீட்பு முயற்சி எதுவானாலும் அந்தப் படிமத்தின் மீது செய்யுங்கள், மூல வட்டின் மீது வேண்டாம். வட்டை மறைகுறியாக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்கியிருந்தால் 48 இலக்க மீட்புக் குறியீடும் தேவைப்படும்.

தாமரைக்குளம்:
ஒன்டிரைவில் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகம்) கோப்புறையை இணைத்திருந்தால் இந்தத் துன்பமே வந்திருக்காது.

பழைய கணிப்பொறியாளர்:
ஒத்திசைவு வேறு, காப்புநகல் வேறு. இங்கே ஒரு கோப்பை அழித்தாலோ பிணைத்தொகை கேட்கும் தீநிரல் பூட்டினாலோ அதே மாற்றம் அங்கேயும் போய்ச் சேரும். மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பதே முறை.

தாமரைக்குளம்:
அழித்த கோப்பு அங்கே குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்குமே, பழைய பதிப்புகளையும் மீட்கலாமே. எல்லாரும் மூன்று நகல் வாங்கி வைக்கும் வசதியுடையவர்களா? ஒரு நகலாவது தானாக எடுக்கப்படுவது, எடுக்க நினைத்து எடுக்காமல் விட்ட மூன்றைவிட மேலானது.

கரிசல்:
இருவர் சொல்வதும் பொருந்தும். ஒன்டிரைவ் இணைப்போடு, மாதம் ஒருமுறை வெளி வட்டில் நகலெடுத்து, உடனே அதைக் கழற்றி வைத்தால் பெரும்பாலான விபத்துகளுக்கு அது போதும். ஆனால் அந்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்க்காதவரை அதைக் காப்புநகல் என்று நம்பாதீர்கள். நெய்தல்நிலம், படிமம் எடுத்தீர்களா?

நெய்தல்நிலம்:
இரண்டு இரவுகள் ஓடியது. மூன்று இயல்கள் முழுமையாகக் கிடைத்தன. நான்காவது திறக்கவில்லை, சில ஒலிப்பதிவுகள் பாதியில் நிற்கின்றன. மிக்க நன்றி.

கரிசல்:
மேப் கோப்பை அழித்துவிடாதீர்கள். அதே மேப் கோப்போடு எதிர்த்திசையில் ஒருமுறை ஓட்டினால், பழுதான பகுதியின் பின்புறத்திலிருந்து இன்னும் கொஞ்சம் கிடைக்கக்கூடும். வேர்டு வைத்திருக்கும் தற்காலிகக் கோப்புகளிலும் நான்காம் இயலின் பழைய வடிவம் இருக்கலாம்; தேடிப் பார்த்தீர்களா?