மணமுடிச்சு வேண்டாம், மோப்பக்கண்டு என்போம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தேனீயின் மூளையில், உணர்கொம்பிலிருந்து வரும் நரம்பிழைகள் திரண்டு உருண்டையாகும் குளோமருலஸ் என்னும் அமைப்புக்குத் தேவகோட்டை ஐயா அவர்கள் 'மணமுடிச்சு' என்ற சொல்லை முன்வைத்திருந்தார்கள். கேட்க இனிமையாக இருப்பினும் அதை ஏற்கத் தயங்குகிறேன். நரம்பு முடிச்சு (கேங்லியான்) என்று வேறோர் அமைப்பு ஏற்கெனவே வழங்கிவருகிறது. போதாக்குறைக்கு, மணமுடிச்சு என்றதும் எங்கள் காரைக்குடிப் பிள்ளைகளுக்குக் கழுத்துரு என்னும் திருமணத் தாலிதான் நினைவுக்கு வரும். இவற்றைவிடப் பெரிய தடை, ஒவ்வொரு மணத்துக்கும் ஓர் உருண்டை ஒதுக்கப்பட்டிருப்பதாக அச்சொல் எண்ணவைத்துவிடும் என்பதே.

உண்மையில் நடப்பது வேறு. ஐரோப்பியத் தேனீயின் வேலைக்காரிக்கு ஓர் உணர்கொம்பில் ஏறத்தாழ 60,000 மோப்ப நரம்பணுக்கள் உள்ளன. மணப்பொருளை உணரும் ஏற்பிகளில் ஒரே வகையை உடைய நரம்பணுக்கள், கொம்பில் எங்கே சிதறியிருந்தாலும், தம் இழைகளை ஒரே உருண்டைக்கு அனுப்புவது பூச்சிகளில் காணப்படும் பொது ஒழுங்கு. மூளையின் இருபுறமும் உள்ள உணர்கொம்பு மடல் ஒவ்வொன்றிலும் இத்தகைய உருண்டைகள் சுமார் 160 உண்டு. நரம்பணுக்கள் கிளரும்போது உயரும் கால்சியத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சாயத்தை ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒரே மணப்பொருள் பல உருண்டைகளை வெவ்வேறு அளவில் கிளர்த்துவதும், அதே உருண்டைகள் பிற மணப்பொருள்களுக்கும் கிளர்வதும் தெரியவந்தன. வேப்பம்பூவின் மணமே பல ஆவிப்பொருள்களின் கலவைதானே? ஆகவே மணத்தின் அடையாளம் உருண்டைகள் பலவும் சேர்ந்து இடும் கோலத்தில் இருக்கிறதே தவிர, ஏதோ ஓர் உருண்டையில் இல்லை.

கற்றலும் இந்தக் கோலத்தைப் பற்றியே நடக்கிறது. தலை மட்டும் வெளியே தெரியும்படி பசித்த தேனீயைச் சிறு குழலில் நிறுத்தி, ஒரு மணத்தை வீசச்செய்து, அது மறைவதற்குள் சர்க்கரைக் கரைசலால் உணர்கொம்பைத் தொட்டால், தேனீ உறிஞ்சுகுழலை நீட்டும். ஓரிரு முறை பழகியபின் மணம் வந்ததுமே, கரைசல் இல்லாமலும், நீட்டும். இனிப்பின் செய்தியை ஆக்டோபமைன் என்னும் நரம்புச் செய்திப்பொருளைச் சுரக்கும் ஒரு நரம்பணு, உணர்கொம்பு மடலுக்கும் மூளையின் கற்றல் பகுதியான காளான் உடலத்துக்கும் கொண்டுசேர்க்கிறது என்று மார்ட்டின் ஹாமர் 1993இல் காட்டினார். இத்தனையும் சேர்ந்து நிகழும் வேலையை ஓர் உருண்டையின் பெயரில் ஏற்றிவிடலாகாது. பெயர் அமைப்பைச் சொன்னால் போதும்.

குளோமருலஸ் என்பதன் இலத்தீன் வேருக்கே நூலுருண்டை என்றுதான் பொருள். கண்டாங்கி நெய்யும் வீடுகளிலும் பூக்கட்டும் திண்ணைகளிலும் அதற்குக் 'கண்டு' என்ற சொல் இன்றும் புழங்குகிறது. எங்கிருந்தோ வரும் இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி உருண்டையாவதை அச்சொல் காட்டுகிறது. முடிச்சைப் போல இறுகிக் கட்டுண்டதாகக் காட்டுவதில்லை. மோப்பக்கண்டு என்று வைத்துக்கொண்டால், சிறுநீரகத்தில் தந்துகிகள் (நுண்குருதிக்குழாய்கள்) சுருண்டிருக்கும், குளோமருலஸ் என்றே பெயர்பெற்ற அமைப்பைக் குருதிக்கண்டு என்று அதே முறையில் வேறுபடுத்தலாம்.

மோப்பம் நாய்க்கே உரியது என்ற மறுப்பு எழக்கூடும். நுகர்வு என்றாலோ இன்று கடைக்கும் வாடிக்கையாளருக்கும் போய்விடுகிறது. மோத்தல் என்னும் வினை எல்லா உயிருக்கும் பொதுவாக நம்மிடம் இருந்துவந்ததே. காளான் உடலத்தை நான் தொடவில்லை; அது நிலைத்துவிட்ட சொல். 'கண்டு' என்பதைக் கரும்புக்கண்டு, கற்கண்டு ஆகியவற்றோடு குழப்பிக்கொள்ள இடமுண்டா என்பதில் மட்டும் மொழியியல் படித்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.