சங்கரய்யாவை மதுரையில் பார்த்தவர்கள், கேட்டவர்கள் எழுதுங்கள்

வடக்குமாசி வாசி:
கம்யூனிஸ்ட் தலைவர் என்.சங்கரய்யாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் பிறந்த கோவில்பட்டியில் ஆரம்பித்துச் சென்னையில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் இருக்கிற மதுரை ஒரு வரியில் போய்விடுகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. கல்லூரிப் படிப்பு இங்கே, முதல் கைது இங்கே, சட்டமன்றத்துக்குப் போன மூன்று தடவையும் இங்கிருந்துதான். 1967இல் மதுரை மேற்கு, 1977லும் 1980லும் மதுரை கிழக்கு. நேரில் பார்த்தவர்கள், பேச்சைக் கேட்டவர்கள், வீட்டுப் பெரியவர்கள் சொல்லித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம். குறை இருந்தால் தாராளமாகச் சொல்லலாம்.

எனக்குக் கிடைத்தது குரல்தான். எண்பதுகளில் மேலமாசி வீதியும் வடக்குமாசி வீதியும் சேருகிற இடத்தில் கூட்டம் போட்டால் எங்கள் மொட்டை மாடிக்கு அப்படியே கேட்கும். மற்றவர்கள் பேசும்போது அப்பா கீழே கடைக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். சங்கரய்யா பேச எழுந்துவிட்டார் என்று தெரிந்ததும் நோட்டை மூடிவிட்டு மேலே வந்துவிடுவார். இத்தனைக்கும் அப்பா கடைசிவரை காங்கிரஸ்காரர். "ஓட்டுப் போட்டீங்களாப்பா?" என்று கேட்டால் பதில் வராது. "பேசுறதைக் கேளுடா முதல்ல" என்பார். அந்தப் பேச்சில் அடுக்குமொழி கிடையாது, ஆளைத் திட்டுவதும் குறைவு. ஒரு பிரச்சினையை எடுத்தால் அது எந்த வருஷம் தொடங்கியது, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று வரலாற்று வாத்தியார் மாதிரி வரிசையாகப் போவார். தொண்டை மட்டும் வாத்தியார் தொண்டை இல்லை.

தல்லாகுளத்தான்:
வரலாற்று வாத்தியார் என்றது ரொம்பப் பொருத்தம். அமெரிக்கன் கல்லூரியில் அவர் படித்தது பி.ஏ. வரலாறுதான். நானும் அதே கல்லூரி, அதே பாடம், ரொம்பப் பின்னால்.

1941 பிப்ரவரி கடைசியில் அவரைப் பிடித்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் கைதானதைக் கண்டித்துத் துண்டறிக்கை வெளியிட்டதுதான் காரணம். இறுதித் தேர்வுக்கு இரண்டு வாரம்போல இருந்தது. விசாரணை கிடையாது, பதினெட்டு மாதம் உள்ளே. மதுரைச் சிறை, வேலூர்ச் சிறை என்று போய், வெளியே வந்தபோது அவர் முழுநேரக் கட்சிக்காரர். பி.ஏ. முடிக்கவே இல்லை.

எங்களுக்கு இதைச் சொன்ன பேராசிரியர் தேர்வுக்கு முந்தின வாரமாகப் பார்த்துத்தான் சொல்வார். நாங்கள் அரியரை எப்படித் தாண்டுவது என்ற கவலையில் உட்கார்ந்திருப்போம். போலீஸ் எந்த இடத்தில் வைத்துப் பிடித்தது என்று கல்லூரிக்குள் ஆளாளுக்கு ஓர் இடத்தைக் காட்டுவார்கள். நான் எதையும் நம்புவதில்லை. ஆனால் மெயின் ஹால் பக்கம் போகும்போதெல்லாம் இங்கேயாக இருக்குமோ என்று ஒரு தடவை தோன்றத்தான் செய்யும்.

ஹார்விபட்டி பேரன்:
எங்கள் தாத்தா ஹார்வி மில்லில் நூற்புப் பிரிவு. அவருக்கு சங்கரய்யா என்றால் 1947தான்.

நாடு விடுதலையாகப் போகிற நேரத்தில் இவர்கள் மதுரைச் சிறையில் இருந்தார்கள். 1946 முடிவில் போட்ட மதுரை சதி வழக்கு. பி.ராமமூர்த்தி, சங்கரய்யா என்று தொழிற்சங்கத்துத் தலைவர்கள் பலர் அதில் குற்றம் சாட்டப்பட்டவர்கள். வெளியே விட்டது ஆகஸ்ட் 14 ராத்திரி. வழக்கே பொய் என்று தீர்ப்பாகி, அதற்குள் பொழுது இறங்கிவிட்டது. தாத்தாவும் செட்டு ஆட்களும் மில்லிலிருந்து நேரே ஜெயில் வாசலுக்குப் போய்விட்டார்களாம். "கொடி ஏத்துறதைப் பார்க்கவா, இவங்க வெளிய வர்றதைப் பார்க்கவான்னு எங்களுக்கே புரியல, விடிய விடிய ஊர்வலம்" என்று சொல்வார். சொல்லும்போது யாராவது குறுக்கே பேசினால் கோபம் வந்துவிடும், திரும்பவும் சங்கு ஊதினதிலிருந்து ஆரம்பிப்பார்.

செப்டம்பரில் அவருக்குக் கல்யாணம். நவமணி அம்மையார் கிறித்தவக் குடும்பத்துப் பெண், ஆசிரியை. அந்தக் காலத்தில் மதம் விட்டு மதம் கட்டுவது சாதாரணமா? ஆனால் எங்கள் பாட்டிக்கு மதம் பெரிதாகப் படவில்லை. அடுத்த வருஷமே கட்சிக்குத் தடை வந்து இவர் தலைமறைவாகிவிட்டார் இல்லையா, "தாலி கட்ட நேரம் கிடைச்சதே பெரிசு, அந்தப் புள்ளை என்ன பாடுபட்டுச்சோ" என்பாள். சிறையும் தலைமறைவும் சேர்த்தால் அவர் வாழ்க்கையில் பத்து வருஷத்துக்கு மேல் வரும். நவமணி அம்மையாரைப் பற்றி யாருமே எழுதுவதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

மல்லிகைக்காரி:
எங்கள் தெரு அப்போது கிழக்குத் தொகுதி. அம்மாவுக்கு முதல் ஓட்டு 1967. அந்த வருஷம் மதுரை ஒரே சிவப்பு. கிழக்கில் கே.பி.ஜானகியம்மாள், மேற்கில் சங்கரய்யா, நாடாளுமன்றத்துக்கு பி.ராமமூர்த்தி, மூன்று பேரும் ஜெயித்தார்கள். ஜானகியம்மாள் நாடகத்தில் நடித்தவர், நகையை எல்லாம் கட்சிக்குக் கொடுத்தவர். அம்மாவுக்கு அவர்தான் உசத்தி. சங்கரய்யா அப்புறம்தான்.

1980 எனக்கே ஞாபகம் இருக்கிறது. மதுரை மேற்கில் எம்.ஜி.ஆர். நிற்கிறார், பக்கத்துக் கிழக்கில் சங்கரய்யா, இரண்டு பேரும் ஒரே அணி. எங்கள் தெருப் பொம்பளைகளுக்கு ஒரே ஆத்திரம்: அவர் மேற்கில் நிற்கிறார், நமக்கு மட்டும் ஏன் இந்த அரிவாள் சுத்தியல்? சங்கரய்யா வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஆட்களோடு நடந்தே வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். வேன் இல்லை, பூப்போட ஆள் இல்லை. "இவ்வளவுதானா?" என்று பக்கத்து வீட்டு அத்தை சத்தமாகவே கேட்டுவிட்டார். ஆனாலும் ஓட்டு அவருக்குத்தான் விழுந்தது. எம்.ஜி.ஆருக்காக விழுந்ததா, அவருக்காக விழுந்ததா என்று யார் பிரித்துச் சொல்ல?

விளக்குத்தூண் கடைக்காரன்:
குறையும் சொல்லலாம் என்றதால் எழுதுகிறேன். மனிதர் சுத்தம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் தொகுதியில் அவர் கொண்டுவந்தது என்று கைகாட்ட என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பேச்சைக் கேட்டுக் கைதட்டினோம், குழாயில் தண்ணீர் வந்ததா? இன்னொன்று, 1964இல் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சிலை விட்டு வெளியேறி, மார்க்சிஸ்ட் கட்சி தனியாகப் பிரியக் காரணமான 32 பேரில் இவரும் ஒருவர். கொள்கை என்றார்கள், சரி. ஆறு வருஷத்தில் தொழிற்சங்கமும் இரண்டாகி, ஏ.ஐ.டி.யு.சி. ஒரு பக்கம், சி.ஐ.டி.யு. ஒரு பக்கம். ஒரே மில் வாசலில் இரண்டு கொடிக்கம்பம், முதலாளிக்குக் கொண்டாட்டம். இதற்கு யார் கணக்குச் சொல்வது?

ஹார்விபட்டி பேரன்:
கடைக்கார அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டிலேயே தாத்தா ஒரு சங்கம், சித்தப்பா ஒரு சங்கம். ஆனால் குழாய்த் தண்ணீருக்கு எம்.எல்.ஏ.வை மட்டும் பிடித்தால் எப்படி? அன்றைக்கு மில்காரனுக்கு வேண்டியது போனஸ், வேலைநிரந்தரம். அதற்குத் தாத்தா காலத்தில் ஒரு ஆள் வந்து வாசலில் நின்றார் என்பதே பெரிய விஷயம். 32 பேரைப் பற்றிச் சொன்னீர்கள், அதில் கடைசிவரை இருந்தது இவரும் கேரளத்து வி.எஸ்.அச்சுதானந்தனும்தான். அவரும் 2025இல் போய்விட்டார். இனி அந்தக் கேள்வியை நேரில் கேட்க ஆள் இல்லை.

நாகமலை:
நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் 2023 நவம்பர் 2ஆம் தேதி காமராசர் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பட்டம் வாங்கிய ஆட்களில் நானும் ஒருத்தி.

அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர ஆட்சிக்குழு தீர்மானம் போட்டிருந்தது. வேந்தரான ஆளுநர் ஆர்.என்.ரவி ஒப்புதல் தரவில்லை. அதனால் உயர்கல்வி அமைச்சர் பொன்முடி விழாவையே புறக்கணித்தார். அன்றைக்குக் காலையில் வாசலிலிருந்து அரங்கம்வரை ஒரே சோதனை. அம்மாவின் கைப்பையைத் திறந்து, கருப்புக் கைக்குட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். உள்ளே வரிசையில் உட்கார்ந்திருந்த எங்களுக்குள் பேச்சு முழுக்க இதுதான். எனக்குப் பக்கத்தில் இருந்த பையன், "நூறு வயசு ஆளுக்கு இந்தப் பட்டம் எதுக்கு, வேலைக்கா போகப் போறார்?" என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1941இல் இதே ஊரில் தேர்வு எழுதவிடாமல் கொண்டுபோனார்கள். எண்பது வருஷம் கழித்து இதே ஊர்ப் பல்கலைக்கழகம் கொடுக்க நினைத்தால் அது அவருக்காக மட்டும் இல்லை, ஊருக்கு இருந்த பாக்கி. கொடுத்திருக்க வேண்டும். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 15ஆம் தேதி சென்னையில் இறந்துபோனார்.

தல்லாகுளத்தான்:
நாகமலைத் தங்கச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2021இல் தமிழ்நாடு அரசின் முதல் தகைசால் தமிழர் விருது அவருக்குத்தான். பத்து லட்சத்தையும் அப்படியே முதல்வரின் கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார். விருதையும் பட்டத்தையும் துரத்தின ஆள் இல்லை. ஆகவே பட்டம் கிடைக்காததில் நமக்குத்தான் வருத்தம், அவருக்கு இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

வடக்குமாசி வாசி:
எல்லோருக்கும் நன்றி. கடைக்கார அண்ணனுக்கு: எதிர்க் கருத்து எழுதியதற்குத் தனியாக நன்றி, எல்லோரும் புகழ்ந்துகொண்டே போயிருந்தால் நானே படித்திருக்க மாட்டேன். ஹார்விபட்டித் தம்பி, தாத்தா பேச்சு ஏதும் ஒலிநாடாவில் இருக்கிறதா? 1947 ஆகஸ்ட் 14 ராத்திரி சிறை வாசலில் நின்றவர்கள் யாராவது இன்னும் இருக்கிறார்கள் என்றால் சொல்லுங்கள். அப்போது பத்து வயதுப் பிள்ளையாக அப்பா தோளில் போயிருந்தால்கூடப் போதும். அரசரடி, ஆரப்பாளையம், மேலப்பொன்னகரம் பக்கம் விசாரித்துப் பாருங்கள், நானே வந்து பதிவு செய்துகொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் வசதி.