மீட்டர் 70 காட்டுகிறது, ஆனாலும் சுருட்டு கசக்கிறது, அணைகிறது, கோணலாக எரிகிறது. உதவி தேவை

புதுப்புகை
நான் சுருட்டுக்குப் புதியவன். மூன்று மாதத்துக்கு முன் பத்து சுருட்டு கொண்ட பெட்டி ஒன்று வாங்கினேன். நிகராகுவா இலை, ரொபஸ்டோ அளவு (நீளம் 5 அங்குலம், தடிமன் 50 ரிங் கேஜ்), மேலிலை கறுத்த மடூரோ. வாங்கிய வாரமே பிடித்த இரண்டும் பிரமாதம். கொக்கோ, மிளகு, கடைசியில் லேசான இனிப்பு. மீதி எட்டையும் சின்ன மர ஹியூமிடரில், அதாவது சுருட்டை ஈரப்பதத்தோடு வைக்கும் பெட்டியில், வைத்தேன். மூடியில் இருக்கும் ஈரப்பத முள் மீட்டர் அன்றிலிருந்து 70 சதவீதத்தை விட்டு அசையவில்லை.

போன இரண்டு வாரத்தில் எடுத்த மூன்றும் பாழ். எவ்வளவு இழுத்தாலும் புகை வருவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அணைகிறது. ஒரு பக்கம் விறுவிறுவென்று எரிந்து போக, மறுபக்கம் எரியாமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பாதியைத் தாண்டினால் தார் மாதிரி கசப்பு. கடைசிச் சுருட்டில் நெருப்புக்குப் பக்கத்தில் மேலிலை வெடித்தே விட்டது. அன்றைக்குக் குளிர்ந்த வியர்வையும் குமட்டலும் வந்து படுத்துவிட்டேன்.

கடையில் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டார்களா? இல்லை, கறுப்பு இலை எனக்குக் காட்டம் அதிகமா? வெளிர் நிறத்துக்கு மாறட்டுமா?

மெதுவாக_இழு
முதலில் குமட்டல். அது நிகோடின். சுருட்டுப் புகைக்குக் காரத்தன்மை உண்டு, அதனால் நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாயின் உட்தோல் வழியாகவே நிகோடின் ஏறிவிடும். பெரிய சுருட்டு ஒன்றின் இலையில் 100 முதல் 200 மில்லிகிராம் வரைகூட நிகோடின் இருக்கும். எல்லாம் உடம்புக்குள் போவதில்லை என்றாலும், அணையப்போவதைக் காப்பாற்ற மூச்சுவிடாமல் இழுத்திருப்பீர்கள். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். வெறும் வயிற்றில் வேண்டாம். தலை சுற்றினால் சுருட்டை அப்படியே வைத்துவிட்டு இனிப்பாக ஏதாவது குடியுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுக்கு இதில் ஆபத்து உண்டு. தெரிந்துதான் பிடிக்கிறோம்.

நீள்சாம்பல்
எனக்கென்னவோ பற்றவைக்கும் விதத்தில் சந்தேகம். சுடர் சுருட்டைத் தொடக் கூடாது. நுனியைச் சுடருக்கு மேலே பிடித்து, உருட்டிக்கொண்டே ஓரம் முழுதும் கறுக்கும் வரை வாட்ட வேண்டும். அப்புறம்தான் வாயில் வைத்து இழுப்பது. பற்றியதும் நுனியில் மெல்ல ஊதிப் பாருங்கள். வட்டம் முழுக்கச் சிவந்தால் சரி. எங்காவது கறுப்பாகத் தெரிந்தால் அந்தப் பக்கம்தான் பிறகு கோணும். வெட்டுவதிலும் கவனம் தேவை, வாயில் வைக்கும் முனையை மூடியிருக்கும் தொப்பியில் 2 மில்லிமீட்டர் போதும். தொப்பி முடியும் வளைவைத் தாண்டி வெட்டினால் மேலிலை பிரிந்துகொண்டு வரும்.

புதுப்புகை
அண்ணே, வாட்டித்தான் பற்றவைக்கிறேன். முதல் இரண்டையும் இதே மாதிரிதான் வெட்டினேன், இதே லைட்டர்தான்.

பெட்டிக்காரர்
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அதே கை, அதே லைட்டர், அதே சரக்கு. நடுவில் வந்தது உங்கள் ஹியூமிடர் ஒன்றுதான். கடையைத் திட்டுவதை நிறுத்தி வையுங்கள்.

ஒரு சுருட்டை எடுத்து விரல்களால் லேசாக அழுத்துங்கள். கொஞ்சம் அமுங்கித் திரும்பி வந்தால் நல்லது. பஞ்சு மாதிரி அமுங்கினால் ஈரம் அதிகம். சரசரத்தால் காய்ந்துவிட்டது.

அடுத்து அந்த முள் மீட்டர். பெட்டியோடு இலவசமாக வருவதை நான் அலங்காரம் என்றுதான் சொல்வேன். அதைச் சோதிக்க உப்பு போதும். பாட்டில் மூடி ஒன்றில் சாதா உப்பை நிரப்பி, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரையக் கூடாது. அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வையுங்கள். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்திவிடும். மீட்டர் என்ன காட்டுகிறது என்று வந்து சொல்லுங்கள்.

புதுப்புகை
24 மணி நேரம் வைத்தேன். 66 காட்டுகிறது! சுருட்டும் பஞ்சு மாதிரிதான் இருக்கிறது. இரண்டில் மேலே வெள்ளையாகப் பொடி வேறு.

பெட்டிக்காரர்
ஆக, உங்கள் மீட்டர் 9 குறைத்துச் சொல்கிறது. 70 என்று நம்பிக்கொண்டிருந்தபோது உள்ளே 79. நீங்கள் சொன்ன எல்லாத் தொல்லையும் இதிலிருந்துதான் வருகிறது. ஈரம் குடித்த இலை உப்பி நெருக்கிக்கொள்ளும், அதனால் இழுப்பு அடைக்கிறது. நெருப்பின் சூடு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடுகிறது, அதனால் அணைகிறது, கோணுகிறது. அணையாமல் இருக்க நீங்கள் வேகமாக இழுக்கிறீர்கள், சூடேறிக் கசக்கிறது. உள்ளிலை சூட்டில் விரியும்போது மெல்லிய மேலிலை தாங்காமல் வெடிக்கிறது.

வெள்ளைப் பொடி பெரும்பாலும் பூஞ்சைதான். இலையிலிருந்து கசியும் எண்ணெய் படிகமாகி நிற்கிறது, நல்ல சுருட்டின் அடையாளம் என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் நம்புவதில்லை. மேலிலையில் மட்டும் என்றால் துடைத்துத் தனியாக வையுங்கள். பற்றவைக்கும் முனையில் உள்ளிலைக்குள் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

சரி, செய்ய வேண்டியது: எல்லாவற்றையும் எடுத்து, 65 சதவீத இருவழி ஈரப்பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். அது கூடுதல் ஈரத்தை உறிஞ்சவும் செய்யும். நாலைந்து வாரம் ஆகும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும், மேலிலை கீறிவிடும். டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி, அதையும் உப்பில் சோதியுங்கள்.

நீள்சாம்பல்
என் யூகம் தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 65-இல் ரொம்பக் காய்ந்துவிடும். நான் எப்போதும் 69 தான். மேலிலையின் எண்ணெய்ப் பசை அதில்தான் நிற்கிறது.

பெட்டிக்காரர்
உங்கள் ருசி உங்களுக்கு. மடூரோ மேலிலை தடிமன், எரிய நேரமெடுக்கும், அதற்கு 65 தான் எனக்கு ஒத்துவருகிறது. அதோடு வெப்பம் 24 டிகிரியைத் தாண்டும் வீட்டில் ஈரமும் கூடினால் புகையிலை வண்டின் முட்டை பொரிந்துவிடும். மேலிலையில் குண்டூசித் துளை பார்த்தபிறகு வருந்திப் பயனில்லை.

மெதுவாக_இழு
நிறத்தைப் பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. மடூரோ என்றால் ஸ்பானிஷில் கனிந்தது. அதிக வெப்பத்தில், கூடுதல் காலம் புளிக்கவைப்பதால் கறுக்கிறது, பெரும்பாலும் இனிப்பும் கூடுகிறது. கறுப்பு என்றாலே காட்டம் என்பதில்லை. காட்டம் முக்கியமாக உள்ளிலையில் இருக்கிறது. செடியின் உச்சியில் வெயில் குடித்து வளரும் லிகெரோ இலை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதே கணக்கு. நடுச்செடி இலை செகோ, மணத்துக்கு. கீழ் இலை வொலாடோ, நன்றாக எரிவதற்கு. துணிப்பந்தல் நிழலில் வளர்த்த கனெக்டிகட் மேலிலை வெளிர் நிறம், பொதுவாக மென்மை. ஆனால் அதன் உள்ளே லிகெரோ நிறைய வைத்துச் சுற்றினால் அதுவும் உங்களைப் படுக்கவைக்கும்.

இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் டொமினிக்கன் கலவைகளைப் பாருங்கள். அளவில் சின்னது எடுங்கள். ரிங் கேஜ் என்பது விட்டம், அங்குலத்தில் 64-இல் எத்தனை பங்கு என்ற கணக்கு. உங்கள் 50 என்பது ஏறக்குறைய 20 மில்லிமீட்டர்.

புதுப்புகை
(ஆறு வாரம் கழித்து) இரண்டில் முனைக்குள்ளேயே பூஞ்சை, எறிந்துவிட்டேன். மூன்று மிச்சம். நேற்று ஒன்று எடுத்தேன். அழுத்தினால் திரும்பி வருகிறது. கடிகாரம் பார்த்து நிமிடத்துக்கு ஒன்றுதான் இழுத்தேன். ஐம்பது நிமிடம் வந்தது, ஒரு முறைகூட அணையவில்லை, அந்தக் கொக்கோ திரும்பி வந்துவிட்டது! நடுவில் மட்டும் லேசாகக் கோணியது.

பெட்டிக்காரர்
கையால் சுற்றுவது, கொஞ்சம் கோணத்தான் செய்யும். மெதுவாக இழுத்தால் பல நேரம் தானாகவே சரியாகிவிடும். இல்லையென்றால் பின்தங்கிய ஓரத்தில் மட்டும் லைட்டரைக் காட்டுங்கள். ஹியூமிடரை என்ன செய்தீர்கள்?

புதுப்புகை
அதில் இப்போது லைட்டரும் கட்டரும் கிடக்கின்றன. முள் மட்டும் இன்னமும் 70 தான்.