மறுமொழி: "தூசிப்படலம்" சரியா? "துளிக்கரு" என்று வைத்துப் பார்ப்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு, இலங்கை மலைநாட்டு அப்புத்தளையிலிருந்து வணக்கம்.

முகில் அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் தேடி இங்கே மூன்று நாளாக நடக்கிற பேச்சை இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்துதான் முழுதாகப் படித்தேன். கடல்மேல் உள்ள முகில்களைக் காற்றில் மிதக்கும் துகள்கள் எப்படி மாற்றுகின்றன என்று எழுத உட்கார்ந்த தம்பி, அந்தத் துகள்களைக் குறிக்கும் "ஏரோசால்" என்பதற்குத் "தூசிப்படலம்" போடலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. தூசி என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது ஃபக்டரியில் பறக்கிற தேயிலைத் தூளும், லொறி போனால் எழும்புகிற செம்மண்ணும்தான். இரண்டும் காய்ந்தவை. நடுக்கடலில் இருப்பதோ வேறு: அலை நுரைத்துக் குமிழி வெடிக்கும்போது தெறிக்கும் உப்புத் திவலை, கடலின் நுண்பாசிகள் விடும் கந்தக வாயுவிலிருந்து உண்டாகும் நுண்துளி. அதில் பெரும்பங்கு ஈரம். "படலம்" என்றால் விரித்த துணி மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடுகிறது, அதுவும் பொருந்தாது.

மற்றவர்கள் சொன்னவற்றில் "அலைதுகள்" கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உயர்தரப் பௌதிகத்தில் "அலை-துகள் இருமை" படிக்கிற பிள்ளை குழம்பிப்போகும். "மிதவைத்துகள்" என்றால், நுண்பாசிகளை ஏற்கனவே "மிதவை உயிரி" என்கிறோம். இரண்டும் ஒரே பந்தியில் வரும்போது வாசிப்பவர் பாவம். "வளித்துகள்" போதும். எங்கள் பாடப்புத்தகத் தமிழில் வளி என்றால் காற்றுதான். வளிமண்டலம் என்று எல்லாரும் சொல்கிறோம்.

அப்புறம் முக்கியமான இரண்டாவது சொல். வளித்துகள் எல்லாவற்றிலும் நீர் ஏறி உட்காராது. புதிதாக வந்த கரிப்புகைத் துகள் நீரை ஒட்டவிடாது. உப்புத் துகளும் கந்தக நுண்துளியும் இழுத்துக்கொள்ளும். நீராவி ஒடுங்கித் துளியாவதற்கு இடம் கொடுக்கிற துகளுக்குத் தனிப்பெயர் வேண்டும். "மேகவித்து" என்று ஒருவர் எழுதியிருந்தார். விமானத்தில் போய் மருந்து தூவி மழை பெய்விப்பதைப் பத்திரிகைகள் "மேக விதைப்பு" என்று எழுதிப் பழக்கிவிட்டன. அந்தச் செயற்கை இதற்குள் வந்துவிடும். "முகிற்கரு" நல்ல சொல். ஆனாலும் முகிலுக்கு ஒரு கரு என்று நினைக்க வைக்கிறது. உண்மையில் ஒவ்வொரு துளிக்கும் ஒரு கரு. தூய்மையான கடல்முகிலிலேயே ஒரு கனசென்ரிமீற்றரில் பத்துக்கணக்கில் தொடங்கி நூறு வரை துளிகள் இருக்கும். மாசு கலந்த காற்றில் பல நூறு.

போன கிழமை எட்டாம் வகுப்பில் செய்து காட்டினேன். வெறும் சோடாப் போத்தலில் இரண்டு கரண்டி இளஞ்சுடுநீர், மூடியை இறுக்கி, போத்தலை நசுக்கி, கையை விட்டால் உள்ளே காற்று விரிந்து குளிரும். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. அணைத்த ஊதுபத்தியின் புகையைக் கொஞ்சம் உள்ளே விட்டு மூடி, மறுபடி நசுக்கி விட்டேன். போத்தல் முழுக்க வெள்ளையாக மூடிக்கொண்டது. நசுக்கினால் மறைகிறது, விட்டால் வருகிறது. முன்வாங்கில் இருந்த பிள்ளை சொன்னது: "புகையப் புடிச்சிக்கிட்டுத்தான் தண்ணி துளியாகுது, சேர்." ஜோன் எயிட்கென் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1880இல் கண்ணாடிப் பாத்திரத்தில் நீராவி விட்டுக் கண்டதும் இதுதான்: பஞ்சில் வடிகட்டிய காற்றில் மூடுபனி உண்டாகவில்லை. துகளே இல்லாவிட்டால் ஈரப்பதம் பல நூறு சதவீதத்துக்கு ஏறினால்தான் துளி பிறக்கும். துகள் இருந்தால் நூற்றைக் கொஞ்சம் தாண்டினாலே போதும்.

அந்தப் பிள்ளையின் வாயிலேயே துளி வந்துவிட்டது. நான் முன்வைப்பது "துளிக்கரு". இதில் முகிலும் இல்லை, மேகமும் இல்லை. யாழ்ப்பாணமும் சென்னையும் சண்டை பிடிக்காமல் எழுதலாம்.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க, அதை வைத்து வாக்கியம் எழுதிப் பார்ப்பேன். முகில் ஆய்வாளர்களான துவொமி 1970களில் சொன்னதும் ஆல்பிரெக்ட் 1989இல் சொன்னதும் இப்படி வருகிறது: ஈரம் அதே அளவு இருக்க, துளிக்கரு கூடினால் துளி சிறுக்கும், துளி சிறுத்தால் முகில் வெளுத்து வெயிலைத் திருப்பி அனுப்பும், சிறுதுளிகள் மோதிச் சேராததால் மழை பிந்தும். ஒரு மழைத்துளிக்கு ஏறக்குறைய பத்து இலட்சம் முகில்துளிகள் சேரவேண்டும் என்பதை நினைத்தால் அந்தப் பிந்தல் புரியும். "தூசிப்படலம்" வைத்து இதை எழுதிப் பாருங்கள், நாக்கு தடுக்கும்.

பேராதனையிலிருந்து டாக்டர் கேட்ட கேள்வி நியாயமானது: இருமும்போது தெறித்த துளி காய்ந்து மிஞ்சுவதையும் மருத்துவத்தில் ஆங்கிலத்தில் "droplet nuclei", அதாவது துளிக்கரு என்ற பொருளில்தான் சொல்கிறார்கள், குழப்பம் வராதா என்று. ஆனால் அது துளி போன பிறகு எஞ்சுவது. இது துளி வருமுன் இருப்பது. அதற்குத் "துளியெச்சம்" என்று வைத்தால் இரண்டும் தெளியும். டாக்டர் ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன்.

இது எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. மூட்டம் விலகிய காலையில் இந்த மலைவிளிம்பில் நின்றால் தெற்கே கடற்கரைக் கோடு தெரியும். அதற்கும் அப்பால், இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கே, உலகின் மிக நெருக்கமான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. இந்து சமுத்திரத்தில் அந்தப் பாதைக்கு நேர்மேலே, பக்கத்துக் கடலைவிட ஏறக்குறைய இருமடங்கு மின்னல் விழுவதை 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கப்பல் புகையின் துளிக்கருக்கள் துளியைச் சிறிதாக்க, அது மழையாக இறங்காமல் மேலே போய் உறைவதுதான் காரணம் என்கிறார்கள். 2020 ஜனவரியிலிருந்து கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5க்கு இறங்கியது, வேறு கடல்களில் கப்பலின் பின்னால் முகிலில் விழும் வெள்ளைக் கோடுகளும் அதோடு குறைந்தன.

அந்தக் கோட்டுக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை. "கப்பல்தடம்" என்று பிரித்தறியும்படி எழுதலாமா, இல்லை இலக்கணப்படி "கப்பற்றடம்" என்றே போடவேண்டுமா? முன்னதுதான் என் விருப்பம். புணர்ச்சி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.