சுனாமி கடவுளின் தண்டனையா? நியாயத்தீர்ப்பு என்றால் பயப்பட மட்டும்தானா?

கல்லடிப் பிள்ளை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். என்னுடைய மாமா, அம்மாவின் ஒரே தம்பி, 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியில் கடலோடு போனவர். உடல் கிடைக்கவில்லை. அம்மா அதை எப்படியோ தாங்கிக்கொண்டு இவ்வளவு காலமும் இருந்தார்.

போன மாதம் பக்கத்து வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். கடைசிக் கால நியாயத்தீர்ப்பு தொடங்கிவிட்டது, சுனாமிதான் அதன் முதல் அடி, பாவம் பெருகிய கரையைத் தேவன் தண்டித்தார், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும் அப்படித்தான் என்று கதைத்திருக்கிறார். மறுகா இஸ்ரவேல் நாடாகிய 1948இலிருந்து ஒரு தலைமுறை என்று வருடக் கணக்கும் போட்டுக் காட்டினாராம்.

அன்றிலிருந்து அம்மாவுக்குச் சரியான நித்திரை இல்லை. "அப்ப தம்பி நரகத்திலயா பிள்ள?" என்று என்னைக் கேட்கிறார். மாமா ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போன ஆள் இல்லை, அது உண்மை. ஆனால் வலையில் நல்ல மீன் பட்ட நாளில் அயல் வீடுகளுக்குக் கொடுக்காமல் தான் சாப்பிட்டதும் இல்லை.

வேதம் தெரிந்தவர்கள் சொல்லுங்க, கிறிஸ்தவம் உண்மையில் இதைத்தான் போதிக்கிறதா? அம்மாவை ஆறுதல்படுத்த ஏதாவது சொல்லுங்க என்று கேட்கவில்லை, உண்மை எதுவோ அதைச் சொல்லுங்க.

கல்முனை ஆசிரியர்:

மகள், முதலில் லூக்கா 13ஐத் திறந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்க. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, அவரே "அப்படியல்ல" என்று பதிலும் சொல்கிறார். யோவான் 9இலும், பிறவிக் குருடன் யார் செய்த பாவத்தால் இப்படிப் பிறந்தான் என்று சீஷர்கள் கேட்கும்போது, இவனும் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றுதான் பதில் வருகிறது. ஆண்டவர் இரண்டு முறை மறுத்ததை ஒரு பிரசங்கியார் அவருடைய பெயரிலேயே நாவலடி ஆட்களைப் பற்றிச் சொன்னார் என்பதை வாசிக்க எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

சுனாமி எதனால் வந்தது என்பது தெரிந்த விஷயம், சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடியில் நிலம் அதிர்ந்தது. இலங்கையிலேயே கூடுதலாக ஆட்கள் செத்தது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, பாண்டிருப்பு என்று கரை முழுவதும் முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் எல்லாரும்தான் போனார்கள். அது ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனையில் இருந்தவர்களும் உண்டு, கடற்கரையில் விளையாடிய பிள்ளைகளும் உண்டு. இதில் யாரைத் தண்டித்தார் என்று சொல்வது?

வருடக் கணக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நாளையும் நாழிகையையும் பிதா தவிர ஒருவரும் அறியார் என்று மத்தேயு 24:36 சொல்கிறது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் கிறிஸ்துவின் வருகை 1844 ஒக்டோபர் 22 என்று நாள் குறித்துக் காத்திருந்து உடைந்துபோனார்கள். ஒரு தலைமுறை 40 வருடம் என்று 1948உடன் கூட்டி 1988இல் வருகை என்று புத்தகம் போட்டவர்களும் இருந்தார்கள்.

ஆனால் நியாயத்தீர்ப்பே இல்லை என்று அம்மாவிடம் சொல்லாதீங்க. அது விசுவாசப் பிரமாணத்தில் இருக்கிறது, உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்கத் திரும்ப வருவார் என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறோம். சங்கீதம் 96 வாசித்துப் பாருங்க, கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்று கேட்டு வானம் மகிழ்கிறது, கடல் முழங்குகிறது, காட்டு மரங்கள் கெம்பீரிக்கின்றன. அநியாயம் பட்டுக் கிடக்கிறவனுக்கு நியாயாதிபதி வருகிறார் என்பதைவிட நல்ல செய்தி வேறு என்ன இருக்கிறது? எங்கள் பகுதியில் எத்தனை தாய்மார் காணாமல் போன பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னும் இருக்கிறார்கள்! அவர்களுக்கு நியாயத்தீர்ப்பு இல்லை என்று யாராவது சொன்னால் அதுதான் கொடுமை.

தாண்டவன்வெளி அக்கா:

தங்கச்சி, நான் கத்தோலிக்க ஆள், அதனால் எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன். ஒரு ஆள் நரகத்தில் இருக்கிறார் என்று பெயர் சொல்லித் திருச்சபை ஒருநாளும் அறிவித்ததில்லை. புனிதர் என்று அறிவிக்கும், இவர் அழிந்தார் என்று சொல்லாது. தனித் தீர்வை (ஒவ்வொருவருக்கும் சாகும்போது), பொதுத் தீர்வை (எல்லாருக்கும் உலக முடிவில்) இரண்டும் உண்டு என்று நம்புகிறோம், மரித்தவர்களுக்காக ஜெபிக்கிறோம், நவம்பர் 2 சேமக்காலைக்குப் போகிறோம். உடல் கிடைக்காதவர்களுக்கும் பூசை ஒப்புக்கொடுக்கலாம், அம்மா விரும்பினால் எங்கள் சுவாமியிடம் கேட்டுச் சொல்கிறேன்.

16ஆம் பெனடிக்ட் பாப்பரசர் 2007இல் எதிர்நோக்கைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தீர்ப்பு என்பது நம்பிக்கையைக் கற்றுக்கொள்ளும் இடம் என்கிறார். நித்திய வாழ்வை நம்புவதற்கு மிகப் பலமான காரணமே நீதிதான், ஏனென்றால் வரலாற்றில் நடந்த அநியாயம் கடைசிச் சொல்லாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இது எனக்கு வெறும் படிப்பாக இருக்கவில்லை. செத்தவர்களில் எத்தனை பேர் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள்! 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியும் மற்ற சிலரும் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புக் கொடுத்தது, சரி, அது வேண்டியதுதான். ஆனால் எந்த நீதிமன்றத்தாலும் அந்தப் பிள்ளைகளைத் தாயிடம் திருப்பிக் கொடுக்க முடியாது. அதைச் செய்கிற தீர்ப்பைத்தான் நான் எதிர்பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் செத்ததையே தண்டனை என்று சொன்ன பிரசங்கியார், அந்தத் தாய்மாரில் ஒருவருக்கு முன்னால் நின்று அதைச் சொல்வாரா?

அக்கரைப்பற்று தம்பி:

அக்கா, நான் பெந்தெகொஸ்தே சபை. அந்தப் பிரசங்கியார் சுனாமியைப் பற்றிச் சொன்னது பிழை, அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஆசிரியர் சேர் லூக்கா 13இல் பாதியோடு நிற்பாட்டிவிட்டார். அதே இடத்தில் "நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்" என்றும் இருக்கிறதே? எங்கள் சபையில் இரகசிய வருகை (கிறிஸ்து விசுவாசிகளை எடுத்துக்கொள்ள இரகசியமாக வருவது), அதற்குப் பிறகு உபத்திரவ காலம், அவர் பூமியை ஆளும் ஆயிர வருட அரசாட்சி எல்லாம் போதிக்கிறோம். அது ஆட்களைப் பயமுறுத்த அல்ல, ஆயத்தப்படுத்த. வருகை தாமதிப்பதே ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் என்று 2 பேதுரு 3:9 சொல்கிறது. ஆறுதல் சொல்கிறோம் என்று எச்சரிப்பை விட்டுவிட்டால் அதுவும் அன்பு இல்லை.

கல்முனை ஆசிரியர்:

தம்பி சொன்னது சரி, அந்த வசனத்தை நான் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும். ஆனால் அது யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்க. செத்த 18 பேருக்கு அல்ல, அவர்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்ற உயிருள்ள ஆட்களுக்கு. நியாயத்தீர்ப்பைச் சொல்கிறவன் முதலில் தன்னைத்தான் அதற்கு முன்னால் நிறுத்த வேண்டும், தேவனுடைய வீட்டிலே அது தொடங்கும் என்று 1 பேதுரு 4:17 சொல்கிறது. இரகசிய வருகையைப் பற்றி நானும் நீங்களும் ஒத்துப்போக மாட்டோம், அந்தப் போதனை 1830களில் ஜோன் டார்பி என்ற போதகர் காலத்தில்தான் இந்த வடிவத்துக்கு வந்தது என்பது என் எண்ணம், அதை வேறு ஒரு நாள் கதைப்போம்.

மகள், அம்மாவின் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் வரவில்லை. மாமாவின் முடிவை நான் சொல்ல முடியாது, அந்தப் பிரசங்கியாராலும் முடியாது. ஆனால் மத்தேயு 25இல் ராஜா கேட்பது பசித்தவனுக்குக் கொடுத்தாயா என்று. கொடுத்தவர்களுக்கே தாங்கள் அவருக்குத்தான் கொடுத்தோம் என்பது தெரியாமல் இருக்கிறது. மாமாவின் மீனைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்ததும் எனக்கு அந்த அதிகாரம்தான் மனதில் வந்தது. உடல் கிடைக்கவில்லை என்றீங்களே, வெளிப்படுத்தல் 20:13 பாருங்க: "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிய வசனம் அது. கடல் யாரையும் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது, எடுத்த எல்லாரையும் அவர் முன்னால் கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும். மாமாவை விசாரிக்கப் போகிறவர் சிலுவையில் தொங்கியவர்தான் என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்க.

கல்லடிப் பிள்ளை:

ஆசிரியர் ஐயா, அக்கா, தம்பி, எல்லாருக்கும் நன்றி. வெளிப்படுத்தல் 20:13 வீட்டில் யாருமே கவனித்த வசனம் இல்லை. அம்மா அதைத் திரும்பவும் திரும்பவும் வாசிக்கச் சொன்னார், மறுகா தானே பைபிளை வாங்கி அந்த இடத்தில் கோடு போட்டார். இரவில் எழும்பி இருக்கிறது இன்னும் மாறவில்லை. ஆனால் "தம்பி நரகத்திலயா" என்று கேட்பதை விட்டுவிட்டு இப்போது மாமாவைப் பற்றி வேறு கதைகள் சொல்கிறார்.

அக்கா, பூசையைப் பற்றிச் சுவாமியிடம் கேளுங்க, அம்மா ஓம் என்கிறார், நாங்கள் மெதடிஸ்ற் என்பதையும் சொல்லிவிடுங்க. அந்தப் பிரசங்கியார் அடுத்த மாதமும் வருகிறாராம். லூக்கா 13ஐ, தம்பி சொன்ன வசனத்தோடு சேர்த்து, கூட்டத்தில் வைத்தே வாசித்துக் கேட்கத்தான் நினைத்திருக்கிறேன். பெரியவரை மதிக்காமல் கதைத்ததாக ஆகாமல் எப்படிக் கேட்பது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.