480 யூனிட்டுக்கு 1679 ரூபாய், 540 யூனிட்டுக்கு 2376 ரூபாய்: எங்கே குறைக்கலாம்?

கலா, மதுரை:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் திருநகரில் இருக்கிறோம். மாமியார், வீட்டுக்காரர், நான், ஏழாவதும் நாலாவதும் படிக்கிற பிள்ளைகள் என்று வீட்டில் ஐந்து பேர். வீட்டுக் கடன் தவணை போக மாதம் 19 ஆயிரம் கையில் நிற்கும். பள்ளிக்கூடம், மருந்து, மளிகை எல்லாமே அதற்குள்தான்.

துவரம் பருப்பும் பாமாயிலும் ரேஷனில் வாங்கிவிடுகிறேன். பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் பாக்கெட் 25 ரூபாய் என்பதால் மளிகைச் சீட்டு நன்றாகவே சுருங்கியிருக்கிறது. காய்கறிக்கு வாரம் ஒருமுறை பழங்காநத்தம் உழவர் சந்தை. இதெல்லாம் ஒரு கட்டுக்குள் வந்துவிட்டது. கரண்ட் பில்தான் பிடிபடவே மாட்டேன் என்கிறது.

முந்தின பில் 480 யூனிட், 1679 ரூபாய். இந்தத் தடவை 540 யூனிட், 2376 ரூபாய். 60 யூனிட் கூடியதற்கு எப்படி 700 ரூபாய் ஏறும்? கணக்கில் ஏதும் கோளாறா?

வீட்டில் நாலு ஃபேன், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், ஒரு ஹெச்பி மோட்டார். மாமியாருக்கு வெக்கை தாங்காது என்று அவர் அறையில் ஏசி போட்டிருக்கிறோம், ராத்திரி மட்டும் ஓடும். சிலிண்டர் சீக்கிரம் தீர்கிறதே என்று இரண்டு மாதமாகச் சோறும் சாம்பாரும் இண்டக்‌ஷனில் வைக்கிறேன். மாமியாருடைய ஏசியை நிறுத்தச் சொல்லாமல் வேறு எதில் குறைக்கலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர், தென்காசி:

தங்கச்சி, கணக்கில் கோளாறு இல்லை. நான் மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து அட்டையில் எழுதிக் கொடுத்தவன். இந்தக் கேள்வியைத் திண்ணைக்குத் திண்ணை கேட்டிருக்கிறார்கள்.

முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் முடித்துவிட்டால் 101-லிருந்து 200 வரை யூனிட் 2.35 ரூபாய். அடுத்த 200 யூனிட்டுக்கு 4.70, கடைசி நூறுக்கு 6.30. ஆனால் 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்த 2.35 கிடையாது. 101-வது யூனிட்டிலிருந்தே 4.70 போட்டுவிடுவார்கள். அதனால் 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 1805 ரூபாய், 501 ஓட்டிய வீட்டுக்கு 2048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட் 243 ரூபாயை விழுங்கிவிடுகிறது! அதற்கு மேல் 600 வரைக்கும் யூனிட்டுக்கு 8.40 வேறு. நீங்கள் குறைக்க வேண்டியது 40 யூனிட்தான். அதைக் குறைத்தால் 571 ரூபாய் மிச்சம்.

பில் வந்த பிறகு யோசித்துப் பலன் இல்லை. அட்டையில் கடைசியாகக் கணக்கெடுத்த தேதியும் அளவும் இருக்கும். அதைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடும். கேடபிள்யூஎச் (kWh) என்று காட்டும்போது வருவதுதான் யூனிட். ஒரு நாளைக்கு எட்டேகால் யூனிட் என்று வைத்தால் 60 நாளில் 500-க்குச் சற்று உள்ளே நிற்கும். முப்பதாவது நாள் மீட்டர் அளவு அட்டையில் உள்ளதைவிட 250-க்கு மேல் கூடியிருந்தால் மிச்ச முப்பது நாளுக்கு இழுத்துப் பிடிக்க அவகாசம் இருக்கிறது. ஐம்பதாவது நாள் மறுபடி பாருங்கள். கணக்கெடுக்க வருகிறவர் நாலு நாள் பிந்தினால் உங்களுக்கு முப்பது யூனிட்டுக்கு மேல் கூடிவிடும், அதற்கும் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

இன்னொன்று. ஒரு நாள் பகலில் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மீட்டர் முன்னால் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டுச் சிமிட்டும். எல்லாம் அணைந்திருக்கும்போதும் அது சிமிட்டினால் எங்கேயோ கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அநேக வீட்டில் அது டிவி செட்டாப் பாக்ஸாக இருக்கும். ரிமோட்டில் அணைத்தால் டிவி மட்டும்தான் அணைகிறது, பெட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். 10 வாட் என்று வைத்தாலே இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் ஆகிறது. அது செட்டாப் பாக்ஸும் இல்லை என்றால் வயர்மேனைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். கசிவாக இருந்தால் காசு போவது மட்டும் இல்லை, உயிருக்கே ஆபத்து.

மோட்டாரையும் கவனியுங்கள். ஒரு ஹெச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். டேங்க் நிரம்பி வழிகிற தண்ணீரும், ஒழுகுகிற கழிப்பறைக் குழாயும் கரண்ட் பில்லில்தான் வந்து சேரும்.

ராஜி, திருச்சி:

கலா, சார் சொன்னதோடு இண்டக்‌ஷன் விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள். எனக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் கேஸ் மிச்சம் என்று நினைத்து நிறைய பேர் இதைச் செய்கிறார்கள்.

சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கும். 900 ரூபாய் என்று வைத்தால் கிலோ 63 ரூபாய். அந்த ஒரு கிலோ கேஸ் செய்கிற சமையலை இண்டக்‌ஷனில் செய்தால் ஒன்பது யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும், ஏனென்றால் கேஸ் அடுப்பில் சூட்டில் ஒரு பங்கு பாத்திரத்தைச் சுற்றி வெளியே போகிறது. யூனிட் 4.70-க்கு ஓடுகிற வீட்டுக்கு இது 44 ரூபாய், நல்ல லாபம். 6.30-க்கு ஓடினால் கிட்டத்தட்டச் சமம். ஆனால் 500-ஐத் தாண்டி 8.40-க்கு வந்துவிட்டால் 79 ரூபாய், அதாவது கேஸைவிட நஷ்டம். அதனால் குளிர்காலத்தில், ஏசி ஓடாத பில்லில் இண்டக்‌ஷன் வையுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் அதை மேலே தூக்கி வைத்துவிட்டுக் கேஸுக்கே வந்துவிடுங்கள்.

கேஸ் சீக்கிரம் தீராமல் இருக்க என் வீட்டில் நான் செய்வதைச் சொல்கிறேன். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டுத்தான் குக்கரில் போடுவேன். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, ஐந்து நிமிஷத்தில் அணைத்துவிடுவேன். மிச்ச வேக்காட்டை உள்ளே இருக்கிற ஆவியே பார்த்துக்கொள்ளும். குக்கரில் அடித்தட்டில் பருப்பு, மேல்தட்டில் அரிசி, அதற்கு மேலே சின்னக் கிண்ணத்தில் உருளைக்கிழங்கு என்று ஒரே சூட்டில் மூன்றும் வெந்துவிடும். பர்னர் நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்தால் ஓட்டை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள், பாத்திரத்தில் கரி பிடிப்பதும் நிற்கும்.

ஏசி மெக்கானிக், ஈரோடு:

அக்கா, ஏசியை நிறுத்தவே வேண்டாம். பெரியவங்களுக்கு வெயில் காலத்தில் அது தேவைதான். 2020-லிருந்து வருகிற ஏசியைப் போட்டதும் 24 டிகிரியில்தான் நிற்கும், அரசாங்கமே அப்படி வைத்திருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு (பிஇஇ) சொல்கிற கணக்கு. 26-ல் வைத்து, கூடவே ஃபேனை இரண்டில் ஓட விடுங்கள். உடம்புக்கு 24 மாதிரியேதான் இருக்கும். விடியற்காலை நாலு மணிக்குத் தானே அணைகிற மாதிரி டைமர் வைத்துவிட்டால் குளிர் ஆறு மணி வரை நிற்கும். கதவுக்குக் கீழே சந்து இருந்தால் பழைய துண்டைச் சுருட்டி வையுங்கள்.

முன்பக்க மூடியைத் திறந்தால் வலை மாதிரி இரண்டு ஃபில்டர் இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவி நிழலில் காயவைத்து மாட்டுங்கள், அதற்கு ஆள் வேண்டாம். அப்புறம், வருஷா வருஷம் கேஸ் நிரப்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எங்கேயாவது லீக் இருந்தால் ஒழிய ஏசி கேஸ் குறையாது. லீக் இருந்தால் முதலில் அதை அடைக்கணும். அடைக்காமல் நிரப்பிக் காசு வாங்குவது எங்கள் தொழிலுக்கே கெட்ட பெயர்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது. வெந்நீர்த் துணியால் துடைத்தாலே சில சமயம் சரியாகிவிடும், இல்லாவிட்டால் ரப்பரை மட்டும் மாற்றலாம்.

கலா, மதுரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 2.35 விஷயம் எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. இன்றைக்குப் பகலில் எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தேன் சார், சிவப்பு விளக்கு சிமிட்டியது. செட்டாப் பாக்ஸ் சுவிட்சை அணைத்ததும் நின்றுவிட்டது. இண்டக்‌ஷனைப் பரண் மேல் ஏற்றியாயிற்று.

ஒரு சந்தேகம். கரண்ட் கம்மியாக இழுக்கிற பிஎல்டிசி ஃபேன் வாங்கச் சொல்கிறார்கள். ஒன்று மூவாயிரம் ரூபாய் சொல்கிறார்கள். நாலையும் மாற்றத்தான் வேண்டுமா?

ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர், தென்காசி:

நாலும் வேண்டாம் தங்கச்சி. சாதாரண ஃபேன் 75 வாட், அது 30 வாட். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடுகிற ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 27 யூனிட் மிச்சம். பதினாறு மணி நேரம் ஓடினால் 43 யூனிட். கூடத்து ஃபேன்தான் உங்கள் வீட்டில் அதிகம் சுற்றும் என்று நினைக்கிறேன், முதலில் அதை மட்டும் மாற்றுங்கள். ஒரு பில் பார்த்துவிட்டு மாமியார் அறை ஃபேனைப் பற்றி யோசிக்கலாம். சமையலறையிலும் பிள்ளைகள் அறையிலும் கொஞ்ச நேரம்தான் ஓடும் என்றால் அங்கே பழையதே இருக்கட்டும், போட்ட மூவாயிரம் திரும்பி வர வருஷக்கணக்காகும்.

வாங்கும்போது ஒரு விஷயம்: அந்த ஃபேனுக்குச் சுவரில் இருக்கும் ரெகுலேட்டர் ஆகாது, ரிமோட்டில்தான் வேகம் மாற்ற வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கச் சொல்லுங்கள்.