தாவரவியல் பூங்காவில் பிள்ளைகளுக்கு முத்திரை வேட்டை: பெட்டி, குறிப்பு, மழை, குரங்கு

தண்ணீர்மலை_அம்மா
வணக்கம். பள்ளி விடுமுறையில் பினாங்கு தாவரவியல் பூங்காவில் லெட்டர்பாக்ஸிங் நடத்தப் போகிறோம். 6 முதல் 11 வயது வரை 9 பிள்ளைகள். ஒளித்து வைத்த பெட்டிக்குள் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு குறிப்பேடும் இருக்கும். பெட்டி முத்திரையைப் பிள்ளைகள் தங்கள் நோட்டில் குத்திக்கொண்டு, தங்கள் முத்திரையைப் பெட்டி ஏட்டில் பதிக்க வேண்டும். எத்தனை பெட்டி வைக்கலாம்? முத்திரையை வீட்டிலேயே செய்ய முடியுமா? மழைக்கும் குரங்குக்கும் என்ன வழி?

செதுக்குளி
தாராளமாகச் செய்யலாம் அக்கா. பெரிய வெள்ளை பிவிசி அழிப்பான் போதும். படத்தை 2பி பென்சிலால் டிரேசிங் தாளில் அழுத்தி வரையுங்கள். வரைந்த பக்கத்தை அழிப்பான்மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால், படம் இடவலம் மாறி இறங்கிவிடும். நேராக வரைந்து செதுக்கினால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் விழும். புதிதாகச் செய்பவர்கள் தவறுவது இங்கேதான்.

கத்தி, கோட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிந்து இறங்க வேண்டும். உட்பக்கம் சாய்ந்தால் கோட்டின் அடி குடைந்துபோய், பத்து முறை குத்துவதற்குள் பிய்ந்துவிடும். 2 மில்லிமீட்டர் ஆழம் போதும். வரைவது பிள்ளைகள், வெட்டுவது பெரியவர்கள். நாகலிங்கப் பூ அழகுதான், ஆனால் நுணுக்கம் அதிகம். அதன் உருண்டைக் காயைச் செதுக்குங்கள், பளிச்சென்று விழும்.

முக்கியமாக ஒன்று: பிவிசி அழிப்பானை நேராகப் பிளாஸ்டிக் பெட்டியில் போடக் கூடாது. அதை மென்மையாக்கச் சேர்த்த பொருள் சூட்டில் கசிந்து பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். துணியில் சுற்றி வையுங்கள்.

காட்டுவழி
9 பேருக்கு 5 பெட்டி. மூவர் மூவராக 3 குழு, குழுவுக்கு ஒரு பெரியவர், ஒவ்வொரு குழுவும் வேறு பெட்டியில் தொடங்கட்டும். இல்லாவிட்டால் முதல் பெட்டியிலேயே வரிசை நிற்கும். காலை 7.30க்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடிந்துவிடும்.

பூங்கா நிர்வாகத்திடம் முதலில் அனுமதி கேளுங்கள். காலையில் வைத்த பெட்டிகளை அன்றைக்கே எண்ணி எடுத்துவிடுங்கள். மறந்துபோன பெட்டியில் மழைநீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நாமே தொட்டி கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

நான்கு பக்கமும் கிளிப் உள்ள டப்பா வாங்குங்கள். ஏடு தனி ஜிப் பையில், கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம். மிட்டாய் வேண்டவே வேண்டாம்: எறும்பு வரும், குரங்கு வரும். சரசரக்கும் பிளாஸ்டிக் பையைக் கையில் தூக்கிப் போனாலே குரங்கு பின்தொடரும், எல்லாம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும்.

மரப்பொந்து, கல்லிடுக்கு இரண்டிலும் வைக்காதீர்கள். பூரான், தேள், பாம்பு தங்கும் இடம் அது. ஒரு மீட்டர் தள்ளி நின்று குனிந்தாலே பெட்டி தெரிய வேண்டும்.

குறிப்பு எழுதும்போது ‘அடி’ என்ற சொல்லில் கவனம் வேண்டும். ‘20 அடி’ என்றால் அளவுநாடாவில் 6 மீட்டர், ஆறு வயதுப் பிள்ளையின் காலடியில் ஏறக்குறைய 10 மீட்டர், பெரியவர் காலடியில் 14. ‘சின்னவர் காலடி 20’ என்று தெளிவாக எழுதுங்கள். பூத்த மரம், விழுந்த கிளை எல்லாம் ஒரு வாரத்தில் மாறிவிடும். பாலம், படிக்கட்டு, பெயர்ப்பலகை மாறாது. விடுகதைபோல் எழுதினால் இன்னும் ருசி:

பாலம் தாண்டி வலப்பக்கம்
பத்துச் சின்னக் காலடி மேற்பக்கம்
வேரிரண்டின் நடுப்பக்கம்

பெரிய பிள்ளைகளுக்குத் திசைகாட்டி கொடுங்கள். மலேசியாவில் முள் காட்டும் காந்த வடக்கும் வரைபடத்தின் உண்மை வடக்கும் கிட்டத்தட்ட ஒன்றே, திருத்தம் போடும் வேலை இல்லை. இரும்பு வேலிக்குப் பக்கத்தில் மட்டும் பார்க்க வேண்டாம், முள் விலகும்.

தண்ணீர்மலை_அம்மா
நன்றி அண்ணே. பரிசு இல்லாவிட்டால் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்களா? மை எது நல்லது?

செதுக்குளி
நிறைந்த நோட்டுதான் பரிசு. இந்த விளையாட்டு 1854இல் இங்கிலாந்தின் டார்ட்மூரில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு குடுவை வைத்ததிலிருந்து வளர்ந்தது. அங்கே வந்தவர்கள் தங்கள் பெயரட்டையைத்தான் விட்டுப் போனார்கள்.

சாய மை சட்டென்று காயும், ஈரம் பட்டால் பரவும். நிறமி மை நீரைத் தாங்கும், ஆனால் நம் ஊர்க் காற்றில் மெதுவாகத்தான் காயும், உடனே மூடினால் எதிர்ப்பக்கத்தில் அப்பும். நிறமி மை வாங்கி, தாளின் ஒரு பக்கம் மட்டும் குத்தி, இடையில் டிரேசிங் தாள் துண்டு வையுங்கள். முத்திரையை மல்லாக்கப் பிடித்து, அதன்மேல் ஸ்டாம்ப் பேடைத் தட்டச் சொல்லுங்கள். பேடில் அழுத்தினால் பள்ளத்திலும் மை ஏறிப் படம் கறையாகிவிடும்.